இடது இறக்கையில் ஒரு கிழிசல்

மார்ச் 4

பூச்சி மேடத்துக்கு,

நலமா? தனித்தனி வீடு என்று ஆன பிறகு நாம் ஒரு வரிகூட எழுதிக்கொண்டதில்லை. கடை ஜன்னலில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் முள் போல முடி. கடிகாரம் பழுதுபார்க்கும் லென்ஸை வைத்துப் படம் எடுத்தேன். இது என்ன ஈ? மகள் சிரிக்கிறாள்: "பொண்டாட்டிக்கு ஈ படம் அனுப்புற ஒரே ஆளு நீங்கதான்ப்பா!"

கடிகாரக்காரன்

மார்ச் 15

கடிகாரக்காரருக்கு,

நலம். ஒட்டுண்ணி ஈயாக இருக்கலாம். கம்பளிப்பூச்சியின் மேல் முட்டையிடும்; அதிலிருந்து வரும் புழு அதை உள்ளிருந்தே தின்று வளரும். ஆனால் ஒரே படத்தை நம்பி நான் எதுவும் சொல்வதில்லை. பக்கவாட்டில் எடுங்கள். முதுகு முடிகிற இடத்துக்குக் கீழே சின்ன மெத்தை போல ஒரு புடைப்பு இருக்க வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து,
நான்

ஏப்ரல் 2

மேடம்,

அந்த ஈ பறந்துவிட்டது. நல்லவேளையாக இன்னொன்று கிடைத்தது. அசையாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. புடைப்பு இருக்கிறது! உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் கம்பளிப்பூச்சி பாட்டுக்கு இலை தின்றுகொண்டிருக்குமா?

க.

ஏப்ரல் 11

கடிகாரக்காரருக்கு,

ஒட்டுண்ணி ஈதான். கம்பளிப்பூச்சி கடைசிவரை தின்றுகொண்டுதான் இருக்கும். எந்த இனம் என்று சொல்ல முகத்து முடிகளைப் பார்க்க வேண்டும். பிறகு வயிற்றுப்புறம், கால்கள். அவசரமில்லை.

நான்

மே 20

மேடம்,

முகம், வயிறு, கால் மூன்றும் இத்துடன். மூன்றும் வேறு வேறு ஈ. இந்தப் பக்கம் ஈக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு சந்தேகம். பெயர் தெரிந்துவிட்டால் நீ எழுதுவதும் நின்றுவிடுமா?

க.

ஜூன் 1

கடிகாரக்காரருக்கு,

இடது இறக்கை தெரிகிற எல்லாப் படத்திலும் ஓரத்தில் அதே கிழிசல். வலது நடுக்காலுக்கு நுனி இல்லை. எல்லாம் ஒரே ஈ. முதல் படத்திலேயே அது செத்திருந்தது. உயிருள்ள ஈ கால்களை அப்படி மடக்கி வைக்காது.

இரண்டாவது படம் வந்தபோதே எனக்குத் தெரியும். இனம் பார்க்க முகம் போதும். வயிற்றையும் காலையும் சும்மாதான் கேட்டேன்.

படத்தை வைத்துப் பெயர் சொல்ல மாட்டேன். எறும்பு அண்டாமல் ஈயைப் பத்திரமாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் பார்க்கிறேன்.

உங்கள்
பூச்சி மேடம்