எழுபதா, எழுபத்துமூன்றா

நவ. 24, திங்கள்

விடாத தூறல். துணி காயவில்லை. அழைக்க வேண்டியவர்கள்: கோட்டுச்சேரி சம்பந்தி (முடிந்தது), சுரக்குடி அக்கா (நாளை).

டிச. 5 ரோகிணி, என் நட்சத்திரம். திருக்கடையூரில் எழுபதாம் கல்யாணம். அறுபதுக்கே சரோஜாவுக்கு மறுதாலி கட்டியிருக்க வேண்டியது. அந்த வருஷம் சென்னையில் வெள்ளம், பிள்ளைகள் வர முடியாமல் நின்றுபோனது. அதற்கென்று வாங்கிய கூறைப்புடவை பத்து வருஷமாகப் பெட்டியில். தினம் ஒருமுறை திறந்து பார்க்கிறாள். நான் கவனிக்காத மாதிரி இருக்கிறேன்.

நவ. 25, செவ்வாய்

வெயில். சுரக்குடி. அக்கா பத்திரிகையைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"யாருக்குடா எழுபது?"

"எனக்குத்தான்க்கா. அம்பத்தஞ்சு புயல்ல பொறந்தேன்ல."

"போடா. நீ அதுக்கு முந்துன புயல். பிரெஞ்சுக்காரன் கொடிய எறக்குனப்ப உன்ன இடுப்புல வச்சுக்கிட்டுதான் வேடிக்கை பாத்தேன். முட்டாய் கேட்டு என் முடியப் புடிச்சு இழுத்த."

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது 54. அதற்கு முந்தைய புயல் 52. 52, 55 இரண்டு புயலும் கார்த்திகையில் அடித்தவை, வீட்டில் யாரும் பிரித்துப் பேசியதில்லை. அப்புறம் சர்டிபிகேட்டில் ஏன் 55? அதற்கும் அக்காவிடம் பதில். தலைக்கு மேல் கையைப் போட்டு மறுபக்கக் காதைத் தொட்டால்தான் அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். நான் குள்ளம். மூன்று வருஷம் திருப்பி அனுப்பினார்களாம். காது அகப்பட்ட வருஷம் வாத்தியார் ஐந்து வயது என்று எழுதிக்கொண்டார்.

ஆக, 73. பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். மின்துறையில் மூன்று வருஷம் கூடுதலாகக் கம்பம் ஏறியிருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு காரைக்கால்மேட்டில் ராப்பகலாக லைன் இழுத்தது 49 வயதில் என்று பீற்றிக்கொள்வேன். இப்போது பார்த்தால் 52 வயதில். நல்லதுதான், இன்னும் பீற்றலாம்.

சரோஜாவிடம் எப்படிச் சொல்வது? எழுபது தாண்டிப்போச்சு என்றால் புடவை மறுபடி பெட்டிக்குள்.

நவ. 26, புதன்

சொல்லவில்லை. ரசத்தில் உப்பு இல்லை, அதையும் சொல்லவில்லை.

"என்ன, கெணத்துல போட்ட கல்லாட்டம் இருக்கீங்க?"

கேஸ் புக் செய்தேன்.

நவ. 27, வியாழன்

மழை. காபி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்தாள். அடுப்படிக்குப் போனாள், வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எந்திரிங்க."

எழுந்தேன்.

"தலைக்கு மேல கையப் போட்டு அந்தப் பக்கத்துக் காதத் தொடுங்க."

தூக்கினேன். கம்பம் ஏறிய தோள், இப்போதெல்லாம் பாதியில் பிடித்துக்கொள்ளும். கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது.

"எட்டலைல்ல?"

"எட்டலை."

"அப்ப இன்னும் வயசாவல. வாத்தியார் எழுதுனதே இருக்கட்டும். அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

கூடத்தில் ஃபேனுக்கு அடியில் புடவை விரிந்து கிடக்கிறது. வீடெல்லாம் அந்துருண்டை வாசனை.