பதினேழாம் மரத்துக் கிளி

பிப்ரவரி 6

நாற்பது மரமும் ஒருவழியாக முடிந்தன. சாலையை அகலப்படுத்த வெட்டப்போகும் மரங்களில் பச்சைக்கிளி கூடு வைத்திருக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஒரு பொந்தைக் ‘காலி’ என்று எழுத, விடிந்ததிலிருந்து மூன்று மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். என்னால் ஆகிற காரியமா? நாற்பது நிமிடத்தில் கால் பரபரக்கிறது. பாதி மரங்களுக்கு அவ்வளவுதான் உட்கார்ந்தேன். படிவத்தில் எல்லாவற்றுக்கும் மூன்று மணி.

எவன் கேட்கப்போகிறான்.

பிப்ரவரி 9

வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வரிசையில் முதல் எட்டும் நான் ‘காலி’ போட்டவை. நாளுக்கு இரண்டு.

பிப்ரவரி 11

பஸ் ஜன்னலிலிருந்து பதினேழாம் மரத்தைப் பார்த்தேன், அதுவும் நான் ‘காலி’ போட்டதுதான். கழுத்தில் வளையத்தோடு ஆண்கிளி. பொந்துக்குள் தலையை விட்டு மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. ஐயோ, ஊட்டுது! உள்ளே பெட்டை இருக்கு!

அடைகாக்க உட்கார்ந்தால் பெட்டை மூன்று வாரம் லேசில் வெளியே வராது. ஆண்தான் இரை கொண்டுவந்து கக்கி ஊட்டும், அதுவும் நாளில் சில தடவை. அதற்காகத்தானே மூன்று மணி நேரம்? எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் எழுந்து போனேன்.

பிப்ரவரி 12

அலுவலகம் போகவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ‘புதிதாகக் குடிவந்த ஜோடி’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பதினேழு பிழைக்கும், நானும் பிழைப்பேன். ஆனால் பாதியில் எழுந்து போன மற்ற மரங்கள்?

வீட்டுக்காரர் இவர் சொல்கிறார்: “போய் உண்மையைச் சொல்லிடு. இல்லன்னா நீயும் தூங்கமாட்ட, என்னையும் தூங்க விடமாட்ட.”

நாளைக்குப் பார்க்கலாம். இன்று ஏழும் எட்டும் விழுந்திருக்கும்.

பிப்ரவரி 13

சொல்லிவிட்டேன். அதிகாரி படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“பதினேழு மட்டும்தானாம்மா?”

“இல்ல சார்.”

“வேற எது?”

“எதுன்னு எனக்கே ஞாபகம் இல்ல சார்.”

இதைச் சொன்னபோதுதான் மானம் போனது. வெட்டுவதை உடனே நிறுத்தச் சொல்லி என் முன்னாலேயே போன் போட்டார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலை போச்சு.

பிப்ரவரி 15

யாரும் அனுப்பாமலே பதினேழாம் மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ஆண் இரண்டு முறை வந்தது. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு அதையே கொத்தி விரட்டியது அந்த மகராசி. சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும்.

பிப்ரவரி 24

மீதி முப்பத்திரண்டையும் வேறு நாலு பேர் பிரித்துக்கொண்டு பார்த்து முடித்தார்கள். நான் ‘காலி’ போட்டவற்றில் ஐந்தில் கூடு. குஞ்சுகள் பறக்கும்வரை அந்த மரங்களைத் தொடமாட்டார்களாம். இவருக்கு நிம்மதி. எனக்கு முதல் எட்டு மண்டையைக் குடைகிறது.

மார்ச் 2

டீக்கடையில் மரம் அறுப்பவரைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “எட்டாவது மரத்துல மூணு குஞ்சும்மா. கண்ணுகூட முழிக்கல. அடிமரத்தப் பொளந்தப்போதான் பார்த்தோம். காலின்னுதானே எழுதியிருந்துச்சு?”

ஒரு நாள். ஒரே ஒரு நாள் முன்னால் போயிருந்தால்.

“நான்தாங்க எழுதினேன்” என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் நகராமல் நின்றேன்.