வாழைத்தண்டுச் சாறும் என் கல்லும்

ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை.

பித்தப்பையை எடுத்தும் எனக்கு மறுபடி கல்லு. இந்தத் தடவை பித்தக்குழாயை அடைச்சிருக்காம். "குழாய் குடல்ல வந்து சேர்ற இடத்துல, உங்களுக்கு குடல் வெளியே பிதுங்கி ஒரு பை மாதிரி இருக்கு. அதனால கல்லு சேர வாய்ப்பு ஜாஸ்தி. நீங்க சாப்பிட்டதுல தப்பில்ல"ன்னாரு டாக்டர்.

வூட்டுக்கு வந்ததும் நாத்தனார் வழக்கம்போல வாழைத்தண்டுச் சாறை நீட்டினாங்க. "அரிசி புடைக்கறப்போ மென்னுக்கினே இருந்தா கல்லு வராம இன்னா பண்ணும்? ஆஸ்பத்திரி வேணாம், இதைக் குடி, கரைஞ்சிடும்."

மாசக்கணக்கா குடிச்சிக்கினுதான் இருக்கேன். கண்ணு மஞ்சளானதுதான் மிச்சம்.

முறத்துலேர்ந்து ஒரு பிடி அரிசியை அள்ளி அவங்க எதிர்லயே மென்னேன். சாறை மாட்டுத்தொட்டியில ஊத்தினேன். காலையில சேலம் பஸ் ஏறப்போறேன். வாய் வழியா குழாய் விட்டு கல்லை எடுக்கப் போறாங்க. யாரும் கூட வராட்டியும் போவேன்.

மாட்டுக்காவது கல்லு வராம இருக்கட்டும்.