ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வாக்கியம்

நோர்பரி,
லண்டன்.
8 யூலை 1992

அன்புள்ள சகோதரி டொலறஸுக்கு,

கொட்டாஞ்சேனையில் நீங்களும் மகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் ராஜலட்சுமி. ஊர் சாவகச்சேரி, இங்கே வந்து பதினொரு வருடம். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். தமிழ் ஆட்களைப் பொலிஸ் பிடித்தால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். ஆறு வருடம் அந்த வேலையும் செய்தேன். உங்கள் கணவர் சூசைதாசனைப் பிடித்த அன்றும் நான்தான் போனேன்.

விடுதலையான பிறகு அவர் எழுதிய இரண்டு கடிதங்களிலும் மழையையும் குளிரையும் தவிர ஒன்றும் இல்லை, ஏழு மாதம் எதற்காக விளக்கமறியல் சிறையில் இருந்தார் என்று யாராவது சொல்லுங்கள் என்று நீங்கள் இங்குள்ள பங்குச் சுவாமியாருக்கு எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்லலாம் என்று அவர் தன் லோயரிடம் சம்மதம் கொடுத்திருக்கிறார். எழுதுகிறவள் நான் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

போன நவம்பரில், அவர் வாடகைக்கு இருந்த வீட்டில் தீப்பிடித்தது. கீழ் அறையில் இருந்த அம்பலவாணன் என்ற வயதான மனிதர் இறந்துபோனார். அந்த நேரம் வீட்டில் இருந்த மற்ற ஆள் உங்கள் கணவர் மட்டும்தான். பொலிஸ் வரும்போது தெருவில் வெறுங்காலோடு நின்றாராம். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம். பிடித்துக்கொண்டு போனார்கள்.

இந்த நாட்டுச் சட்டத்தில், பிடிபட்டவருக்குப் பொலிஸ் முதலில் சில விஷயங்களைச் சொல்லவேண்டும். விருப்பமில்லாவிட்டால் ஒன்றும் பேசத் தேவையில்லை. பேசினால் அது நீதிமன்றத்தில் சாட்சியமாக வரலாம். காசு கொடுக்காமலே ஒரு லோயரை வைத்துக்கொள்ளலாம். இவ்வளவையும் நான் தமிழில் சரியாகத்தான் சொன்னேன். லோயர் வேண்டாம் என்றார். “அரசாங்கம் தாற ஆள் அரசாங்கத்தின்ரை ஆள்தானே அக்கா” என்று மெதுவாகச் சொன்னார். அவர் என்னிடம் தானாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

பிறகு பேச்சைப் பதிய ஒலிப்பதிவு ரேப்பைப் போட்டார்கள். அந்த மெசின் தொடங்கும்போது நீளமாக ஒரு இரைச்சல் வரும். அது நின்றபோது அவருடைய கைகள் நடுங்கின. எனக்கு என் தம்பியின் ஞாபகம் வந்துவிட்டது. அதிகாரி, தீயைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, அவரைத் தேற்ற நினைத்து ஒன்றைச் சேர்த்துவிட்டேன்: “பயப்பிடாதேங்கோ தம்பி, உண்மையைச் சொன்னால் விட்டிடுவினம்.”

டொலறஸ், அந்த நிமிடமே அவருடைய நடுக்கம் நின்றது. முதுகை நிமிர்த்தினார். இரண்டு கைகளையும் முழங்கால்களில் வைத்தார். என்னையும் அதிகாரியையும் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். “நான்தான் கொளுத்தினனான். போத்தலிலை மண்ணெண்ணெய் கொண்டு போனனான். முதல் நீலத் திரையிலை ஊத்தினனான். உள்ளுக்கை ஆள் இருந்தது தெரியும்.” ஏறியும் இறங்கியும் போகாத ஒரே குரல், செபமாலை சொல்வது போல. நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு மனிதனைக் கொன்றவனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். கொலைக் குற்றம் சாட்டினார்கள்.

அந்த ரேப்பைக் கேட்டுத் தமிழையும் ஆங்கிலத்தையும் எழுத்தில் தரும் வேலையும் எனக்கே வந்தது. நான் சேர்த்த வாக்கியத்தை எழுதாமல் விட்டேன். ஒரு ஆறுதல் வார்த்தைதானே, வழக்குக்கு என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். பேசுகிறவரின் பேச்சைத் தவிர ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது என்பதுதான் எங்கள் வேலையின் முதல் விதி.

ஏப்ரலில் அவருடைய லோயர் மிஸ் ஆலன் என்னைத் தேடி வந்தா. தீயணைப்புப் படையின் அறிக்கை கிடைத்துவிட்டதாம். தீ தொடங்கியது அம்பலவாணனின் ஹீற்றர் வயரில். மண்ணெண்ணெய் ஒரு துளியும் இல்லை. அந்த அறை ஜன்னலில் திரையே கிடையாது, பழைய பேப்பர்தான் ஒட்டியிருந்தது. ஆனாலும் வாக்குமூலம் இருக்கிறது, அதனால் வழக்கை விடமாட்டோம் என்று அரசு தரப்பு நிற்கிறதாம். நான் எழுதிக் கொடுத்தது சொல்லுக்குச் சொல் சரியா என்று கேட்டா. சரி என்றேன். ரேப்பின் பிரதி ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, இன்னொருமுறை கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிப் போனா.

அடுத்த நாள் பின்னேரம் சமையலை விட்டுவிட்டுக் குசினியில் இருந்து கேட்டேன். இரைச்சல், அதிகாரி, பிறகு ஒரு பெண். அவ்வளவு இனிமையான குரல். பிள்ளையை நித்திரையாக்குவது போல, உண்மையைச் சொன்னால் விட்டிடுவினம் என்கிறது. அது நான் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் குரலாக அது இல்லை. வேலையால் வந்த என் கணவர் வாசலில் நின்று, “ஆரப்பா வந்திருக்கிறது? ஆர் அந்த மனுசி?” என்று கேட்டார். பன்னிரண்டு வருடம் என்னோடு வாழ்கிறவர். நான் ரேப்பை நிறுத்தினேன். காலையில் மிஸ் ஆலனிடம் போய், ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வாக்கியம் தமிழில் இருக்கிறது என்று சொன்னேன்.

யூன் தொடக்கத்தில் வழக்கு வந்தது. ஜூரியை வெளியே அனுப்பிவிட்டு, இந்த வாக்குமூலத்தை ஏற்கலாமா என்று நீதிபதி தனியாக விசாரித்தார். என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஏன் மறைத்தாய் என்று அரசு வக்கீல் கேட்டார். பயத்தில் என்றேன். நீதிபதி ரேப்பைப் போடச் சொன்னார்.

அதுவரை உங்கள் கணவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். அந்தப் பெண் குரல் மண்டபத்தில் கேட்டதும் எழுந்து நின்றார். சுவரைப் பார்த்தார். ரேப்பில் இருந்த சூசைதாசன் பேசத் தொடங்கியபோது, தன் கூண்டில் நின்ற சூசைதாசனும் பேசத் தொடங்கினார். அதே சொல், அதே இடத்தில் அதே மூச்சு. ஒரு மனிதனுடைய இரண்டு குரல்கள் ஒன்றாகப் போயின. நீதிபதி கையைக் காட்ட ரேப்பை நிறுத்தினார்கள். இவர் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை சொல்லி முடித்துவிட்டு, “எங்கை ஐயா கையெழுத்து வைக்கிறது?” என்று கேட்டார். புதிதாக வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகுதான் உங்கள் கணவர் விஷயத்தைச் சொன்னார். 1990இல் அவரை ஆமி முகாமில் வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையை எரித்ததாக ஒப்புக்கொள்ளச் சொன்னார்களாம். ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தார்களாம், பிழைவிட்டால் அடியாம். அடித்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஒரு நீலத் திரைக்குப் பின்னால் இருந்து ஒரு பெண்தான் தமிழில் சொன்னாளாம். அன்பாகப் பேசுவாளாம். தம்பி, உண்மையைச் சொன்னால் விட்டிடுவினம் என்பாளாம். முகத்தை அவர் ஒருநாளும் காணவில்லை. “இஞ்சையும் அவதான் வந்தவ” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வருடம் முழுவதும் நான் லண்டனில்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்து ஷிப்ட் புத்தகத்தில் என் கையெழுத்து இருக்கிறது. இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதவேண்டும் போல இருக்கிறது.

வாக்குமூலம் உண்மையா பொய்யா என்பது தன் முன்னால் உள்ள கேள்வி இல்லை என்றார் நீதிபதி. சொன்னதை நம்பமுடியாமல் ஆக்கக்கூடிய எதனாலும் அது வரவில்லை என்று அரசு தரப்பு சந்தேகமில்லாமல் காட்டவேண்டும், அவர்களால் முடியவில்லை என்று அதைத் தள்ளினார். வேறு சாட்சியம் இல்லை. ஜூரியைக் கூப்பிட்டுக் குற்றவாளி இல்லை என்று சொல்லவைத்தார்கள். அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை, மிஸ் ஆலன் அதைப் பார்க்கிறா.

என் பெயரைப் பொலிஸ் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். சரிதான்.

இப்போது அவர் சுவாமியாரின் வீட்டில் பின் அறையில் இருக்கிறார். சாப்பிடுகிறார். ரூட்டிங் என்ற இடத்தில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்குப் போகிறார். ஒருமுறை சோறும் மீன்குழம்பும் கொண்டுபோன நான், வாசலில் சுவாமியாரிடம் இரண்டு சொல் பேசிவிட்டேன். உள்ளே கதிரை நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்கால்களில் வைத்திருந்தார். அன்றிலிருந்து சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுகிறேன்.

வருகிற 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்கு மாலை ஆறரை மணிக்கு, சுவாமியார் உங்கள் பங்குக் கோவிலுக்கு ரெலிபோன் எடுத்துக் கொடுப்பார். தயவுசெய்து அவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள். நீங்களே சொல்லிக்கொண்டிருங்கள். மகள் பள்ளிக்கூடத்தில் என்ன பாட்டுப் பாடினாள், அன்று என்ன சமைத்தீர்கள், எதுவென்றாலும். மகளையும் பேசவிடுங்கள். அவர் ஒன்றும் பேசாவிட்டால் கோபித்துக்கொண்டு வைத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் உங்கள் குரலும் கொஞ்ச நேரம் கேட்கட்டும்.

மடு மாதா உங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்துவைக்கட்டும். நான் சைவம், ஆனாலும் அவவிடம்தான் இதைக் கேட்கிறேன். எனக்காக வேறொன்றையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சகோதரியாக நினைத்துக்கொள்ள முடியுமென்றால் அப்படியே,
ராஜலட்சுமி