வயிற்றைப் பிசைந்த கை

என் சென்னம்மாக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை நண்பகலில் ஒரு பெண்ணின் வயிற்றின் மேல் கை வைத்திருந்தபோது உன் குரல் கேட்டது. அதனால்தான் பதினைந்து வருஷம் கழித்து எழுதுகிறேன். பென்னாகரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் இப்போது நர்ஸ். நீ போனபோது எனக்குப் பதினேழு வயது.

அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. ரத்தம்தான் நிற்கவில்லை. டாக்டர் ஊசி போட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஓடினார். நான் தொப்புளுக்குக் கீழே அழுத்திப் பார்த்தேன். ஊறின துணிபோலக் கருப்பை தொளதொளவென்று கிடந்தது. குழந்தை வந்ததும் அது சுருங்கி இறுக வேண்டும், அக்கா. இறுகினால்தான் அதன் தசைகள் ரத்தக் குழாய்களை நெரித்து மூடும். தானாக இறுகாவிட்டால், மேலிருந்து பிசைந்துதான் அதை உசுப்ப வேண்டும்.

பிசைந்தேன். அவள் அலறினாள். அவளுடைய அம்மா பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பச்ச ஒடம்புங்க! ஏங்க இப்பிடிப் போட்டுக் கசக்கறீங்க? விடுங்க!”

உன் பிரசவத்தன்று கட்டிலருகே நான் கத்தியதும் அதேதான். “வலிக்குது கவிதா, கைய எடுக்கச் சொல்லு” என்று நீ அழுதாய். உன் வயிற்றைப் பிசைந்த நர்ஸம்மாவின் கையை நான் இழுத்தேன். அவர் உதறிவிட்டுத் திரும்பவும் வைத்தார். நான் உன் மேல் குறுக்கே விழுந்து மறித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் மறித்தேன்? இரண்டு நிமிஷமா, ஐந்தா?

அப்பா வெளியே இருந்தார். உன் உடலைத் தூக்கிக்கொண்டு போகும்போது, “அந்த நர்ஸுதான் எம்புள்ளயக் கொன்னுட்டா” என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அந்த நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நாளில் அவர் ஊரை விட்டே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் கையை எடுக்கவில்லை. “இப்ப விட்டா உங்க பொண்ணு பொழைக்க மாட்டாம்மா. பிடிக்கறதுன்னா அவ கையப் பிடிச்சிக்கங்க” என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பிடி தளர்ந்தது.

விரலுக்கடியில் கருப்பை லேசாக இறுகியது. உடனே தளர்ந்தது. தோள் மரத்துப்போகும்வரை பிசைந்தேன். கடைசியில் தேங்காய்போல உருண்டு கெட்டியானது. ரத்தம் குறைந்தது. தர்மபுரி போய்ச் சேரும்வரை ஆம்புலன்ஸில் கையை எடுக்கவே பயமாக இருந்தது. இன்று அவள் எழுந்து உட்கார்ந்து களி கேட்கிறாளாம்.

நான் மறிக்காமல் இருந்திருந்தால் நீயும் கேட்டிருப்பாயா? டாக்டரிடம் கேட்டேன். “யாராலயும் சொல்ல முடியாதும்மா” என்றார்.

உன் மகள் தர்ஷினி பத்தாவது படிக்கிறாள். போன வாரம், “எங்கம்மாவ அந்த நர்ஸு ஏன் சித்தி அப்பிடிப் பண்ணாங்க?” என்று கேட்டாள். உலையில் அரிசி போடப் போகிறவள்போல எழுந்து போய்விட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அவளையும் உட்கார வைத்து, மறித்தது நான்தான் என்று சொல்லப்போகிறேன். அதன்பின் அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவாளா, தெரியவில்லை. கூப்பிடாவிட்டாலும் சொல்வேன், அக்கா. அந்த நர்ஸம்மா எங்கே இருந்தாலும் தேடிப்போய், அவரிடமும் சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
கவிதா