தீப்பிடிக்காத மரம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமனார் தன் கையாலேயே எழுதும் கடிதம் இது. மாடி வீட்டு டெய்லர் எழுதிக் கொடுத்ததல்ல. எழுத்து ஏறியும் இறங்கியும் போவதைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். நான் எழுதிய வேகத்திலேயே நீயும் படி, அவசரப்படாதே. ஒரு பக்கம் முடிப்பதற்குள் எனக்கு டீ ஆறிவிடுகிறது. ஆறின டீயும் நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, உண்மையாகவே நலம். உன் புருஷன் பேசுகிறான்.

சொல்லிவிட்டேன். ஒவ்வொரு செய்தியாக முறைப்படி எழுத வேண்டும் என்று, நான் எழுதப் படிக்கப் போகும் மாலை வகுப்பு டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் இதைக் கடைசிப் பக்கம்வரை அடக்கி வைத்திருக்க என்னால் ஆகாது. இனி முறைப்படி எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ பாலம் கட்டும் இடத்தில் கிரேன் மேலே உட்கார்ந்திருக்கிறாய், மேலே போன் கூடாது, கீழே சிக்னல் கிடையாது. அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. போன தடவை டவுனுக்கு வந்து பேசினாய் அல்லவா, "அவரு மூச்சு மட்டுந்தான் கேக்குது மாமா, என்னால தாங்க முடியல, கொஞ்ச நாளைக்கு நான் பேசல" என்று அழுதாயே, அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவனும் கேட்டான். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. ஏலக்கடையில் தக்காளிக் கூடைமேல் ஏறி நின்று சந்தை முழுக்கக் கேட்கும்படி விலை கூவினவன், எல்லோரும் 'மைக்கு' என்று கூப்பிட்டவன், மூளையில் ரத்தம் கட்டி ஒரே நாளில் ஊமையானால் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அன்றிலிருந்து போன் மணி அடித்தால் அவன் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறான். அதனால்தான் அவன் காதில் விழாத இடத்தில் உன்னிடம் பேசலாம் என்று பேனாவை எடுத்தேன். நான் எழுதக் கற்றுக்கொண்டது இதற்குத்தான் போலிருக்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, அவனைச் சுவரைப் பார்த்து உட்கார விடாதீர்கள், முன்பு எதை விரும்பிச் செய்தானோ அதை அவனோடு உட்கார்ந்து செய்யுங்கள் என்றார். ஏலக்கடைக்கு அவனைக் கூட்டிப்போக முடியாது. மிச்சம் இருந்தது நீங்கள் இரண்டு பேரும் டிவியில் விளையாடும், கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டுகிற அந்த விளையாட்டு. நீ வைத்துவிட்டுப் போன கண்ட்ரோலரை நான் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் டிவிக்குள் என் ஆள் வானத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான். பசுமாடு கட்டை, மண் கட்டை, சூரியன்கூடச் சதுரம். ஆனால் ஒரு வசதி, எதைக் கையில் எடுத்தாலும் அதன் பெயர் தமிழில் வருகிறது. நீ அப்படி மாற்றி வைத்திருக்கிறாய். நான் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிப்பேன், அவன் தலையாட்டுவான். வகுப்பில் படித்ததைவிட அங்கே படித்ததுதான் அதிகம்.

மரங்களைப் பற்றி உங்கள் இரண்டு பேருக்கும் என்ன சண்டை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் கருப்பு ஓக் கட்சி, நீ செர்ரி கட்சி. எனக்கு மரம் என்றால் அடுப்பில் போடுவது. ரொட்டிக்கடை அடுப்புக்கு முன்னால் ஆயுசைக் கழித்தவனுக்கு வேறென்ன தெரியும்? நான் நிறத்தை மட்டும் என் கணக்கில் பார்த்தேன். ஓக் என்பது பாதி வெந்த ரொட்டி. ஸ்ப்ரூஸ் பதமாக வறுத்த ரஸ்க். பிர்ச் இன்னும் அடுப்புக்கே போகாத மாவு. கருப்பு ஓக் தீய்ந்துபோன அடிப்பக்கம், அதை வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் முதலாளி திட்டுவார். உன் செர்ரி இருக்கிறதே, அது பிறந்தநாள் கேக்மேல் பூசுகிற ரோஸ் கிரீம். அதை வைத்து வீடு கட்டலாம் என்று யோசித்தவள் நீதான். இதை அவனிடம் சொன்னபோது வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. சத்தம் வரவில்லை.

ஆனால் அந்த விளையாட்டில் எரித்துப் பார்த்தால் எல்லாக் கட்டையும் ஒரே சூடு! வைரம் பாய்ந்த மரமும் நோஞ்சான் மரமும் ஒரே அளவுதான் வேகவைக்கின்றன. இது என்ன நியாயம்? படபடவென்று வெடிக்கிற கட்டை இல்லை, புகைந்து கண்ணைக் கெடுக்கிற கட்டை இல்லை. இந்த விளையாட்டைச் செய்தவர்கள் அடுப்பே மூட்டாதவர்கள் என்று அவனிடம் நெடுநேரம் வாதாடினேன். பாவம், எதிர்த்துப் பேச முடியாதவனிடம் வாதாடினால் நமக்குத்தான் ஜெயம்.

இனி வருவதைப் படிக்குமுன் உட்கார்ந்துகொள்.

விளையாட்டில் ஏரிக்கரையில் நீங்கள் கட்டிய வீடு, தரை கருப்பு ஓக், சுவர் செர்ரி, யாரும் விட்டுக்கொடுக்காததால் கூரை பாதிக்குப் பாதி, அந்த வீட்டுக்கு அவன் ஒரு மாடி எடுத்துக்கொண்டிருந்தான். கண்ட்ரோலரை இடது கையால் பிடித்து, மடங்கிக் கிடந்த வலது கை விரலால் ஒவ்வொரு கட்டையாக வைத்தான். நான் கீழே நின்று பார்த்தேன். இவ்வளவு அழகான வீட்டில் ஓர் அடுப்பு இல்லையே என்று தோன்றியது. அவன் மாத்திரை போட்டுக்கொள்ளத் திரும்பிய நேரத்தில், சுவரை ஒட்டிச் செங்கல் அடுக்கி, எங்கள் கடையில் இருந்தது மாதிரியே வளைவு வைத்து, சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பற்றவைத்தேன். செங்கல் அடுப்பிலிருந்து நெருப்பு வெளியே வந்ததை என் ஆயுசில் பார்த்ததில்லை. இங்கே அது குதிக்கிறது, அம்மா! வாய்வழியாகக் குதித்து உத்தரத்தில் ஏறியது. உத்தரத்திலிருந்து கூரைக்குப் போனது. உன் ரோஸ் கிரீம் முழுக்க நெருப்பு.

அப்போதுதான் வந்தது அந்தக் குரல். "அப்பா! தண்ணி! தண்ணிய ஊத்து!"

சந்தைக் குரல். கூடைமேல் நின்று கூவுவானே, அதே குரல். நான் "தண்ணி எங்கடா இருக்கு?" என்று கேட்கிறேன், அவன் "பக்கெட்டு! பக்கெட்டு!" என்கிறான். அதன் பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். டிவியில் வீடு எரிந்துகொண்டே இருக்கிறது, அணைக்க ஆளில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு டெய்லர் உள்ளே வந்து விழுந்தார், கையில் நிஜமான பக்கெட், நிஜமான தண்ணீர். டிவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பக்கெட்டைக் கீழே வைத்தார். "பெரியவரே, மருமக வீட்டக் கொளுத்திட்டு மகன் வாயத் தொறந்துட்டீங்க. இது தெரிஞ்சிருந்தா போன மாசமே தீப்பெட்டி குடுத்திருப்பேனே" என்றார். அவன் சிரித்தான். இந்தத் தடவை சத்தத்தோடு. அப்புறம் மூன்று பேரும் அழுதோம், அதை எழுதத் தேவையில்லை.

உன் வீட்டில் கல்படியும் என் அடுப்பும்தான் மிச்சம். அடுப்பு ஒரு செங்கல்கூடப் பெயராமல் நின்றது. நல்ல வேலைப்பாடு என்று சொல்ல வாயெடுத்தேன், அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பயிற்சி அம்மாவிடம் ஓடினோம். பதற்றத்தில் வரும் சொல் முதலில் வரும், மற்றவை மெல்ல மெல்லத்தான் வரும், வரும் வழி திறந்துவிட்டது என்றார். உன்னிடம் ஒளிக்க மாட்டேன். சில நாள் ஒன்றுமே வருவதில்லை. சோப்பைக் கேட்க வேண்டிய இடத்தில் சீப்பு என்கிறான், தப்பு என்று அவனுக்கே தெரிந்து கையை உதறுகிறான். உன் பெயர் இன்னும் வரவில்லை. தொண்டைவரை வந்து திரும்பிவிடுகிறது, நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

ஆனால் பேச வேண்டிய வேலை ஒன்று அவனுக்குக் கிடைத்துவிட்டது. தீப்பிடிக்காத மரத்தில்தான் இனி வீடு என்று முடிவு செய்துவிட்டான். அந்த மரம் தரைமேல் கிடையாதாம். பாதாளத்துக்குப் போக வேண்டும், அங்கே நெருப்பு ஆறு ஓடுகிறது. இரண்டு வகை உண்டு, இரண்டும் மரம் மாதிரி வளரும் காளான்கள். ஒன்று பீட்ரூட்டை வெட்டினது போன்ற சிவப்பு. மற்றொன்று துலக்காத செம்புப் பாத்திரத்தில் பிடிக்குமே, அந்தப் பச்சை நீலம். நெருப்பாற்றில் போட்டாலும் பற்றாது. அடுப்பில் வைத்தாலும் எரியாது. என் கடையில் இப்படி ஒரு விறகு வந்திருந்தால் வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இப்போது அதற்காக உயிரைக் கொடுத்து அலைகிறேன்.

அவன் முன்னால், நான் பின்னால். "நில்லு." "எடது." "கீழ பாக்காத." நான் நேராக நெருப்பில் போய் விழுந்தேன். "கண்ணு எங்கப்பா இருக்கு, பொடனிலயா?" என்றான். இவ்வளவு நீளமாக அவன் பேசி எத்தனை நாளாயிற்று! உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அடுத்த தடவை நான் வேண்டுமென்றேதான் விழுந்தேன். அதற்கு அவன் திட்டியதை எழுத்தில் எழுத முடியாது. அதில் ஒரு சொல்லும் தவறவில்லை.

இப்போது வீடு எழும்பிவிட்டது. சிவப்பில் சுவர் வைத்துப் பார்த்தோம், கசாப்புக் கடை மாதிரி இருந்தது. பிரித்துவிட்டு நீலத்தில் வைத்தோம். ஏரித் தண்ணீருக்கு அதுதான் பொருந்துகிறது. சிவப்பைத் தரைக்குப் போட்டோம். ஓக்கைவிட, ஸ்ப்ரூஸைவிட, தன் கருப்பு ஓக்கைவிடக்கூட இது மேல் என்று ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொள்கிற ஆளா அவன்? நோய் அவனைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறது.

நேற்று வாசலுக்கு வந்து நின்றோம். கதவுக்கு எந்த மரம் என்று கேட்டேன். நீலமா, சிவப்பா என்று இரண்டையும் எடுத்துக் காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினான். அவன் சொல்லைத் தேடுவது தெரிந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "அவளக் கேளு" என்றான்.

கேட்கிறேன், அம்மா. செர்ரி என்றால் செர்ரி. அது தீப்பிடிக்கும்தான், நான் அடுப்பை ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுகிறேன்.

ஆனால் பதிலை எனக்கு எழுதாதே. விடுமுறை நாளில் டவுனுக்கு வரும்போது அவனைக் கூப்பிட்டுச் சொல். எழுந்து போகாமல் அவனை உட்கார வைப்பது என் பொறுப்பு. போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் டெய்லர் வீட்டுக்கு ஏறிவிடுவேன். ஒன்று மட்டும் மனதில் வை. நீ ஏதாவது கேட்டால், கேட்டுவிட்டுச் சும்மா இரு. சொல்லை நீ எடுத்துக் கொடுக்காதே, போன் கட்டாகிவிட்டதோ என்று வைத்துவிடாதே. அவன் தேடிக்கொண்டிருப்பான்.

காற்று பலமாக அடிக்கிற நாளில் கிரேன்மேல் ஏறாதே, மேஸ்திரி என்ன சொன்னாலும் சரி. வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அம்மா. வந்து சேர்கிற நாளிலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டைக் கொளுத்திய
மாமனார்