மொச்சைக்கொட்டை ராஜா

நவம்பர் 9, 2025, ஞாயிறு

கழகத்தின் மாடி அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கட்டடத்தை இடிக்கிறார்களாம். கோவையில் ரோமானிய நாகரிக ஆய்வுக் கழகம் என்றால் அன்றும் சிரித்தார்கள், இன்றும் சிரிக்கிறார்கள். வெள்ளலூரில் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறதே, பிறகு வேறு எந்த ஊரில் வைப்பதாம்? மாணவனாக இருந்த என்னை முதன்முதலில் கொடுமணல் அகழாய்வுக்கு அனுப்பி வைத்ததே இந்தக் கழகம்தான்.

அகராதிகளைப் பெட்டியில் அடுக்கினேன். அகஸ்டஸ் சிலையின் நெற்றியில் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் இருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை.

நவம்பர் 10

பெட்டிகளைப் பார்த்தால் முதல் சாட்டர்னாலியா விருந்துதான் ஞாபகம் வருகிறது. டிசம்பர் 17, ரோமானியரின் திருநாள். அன்று எசமான் அடிமைக்குப் பரிமாறுவான். குலுக்கலில் ஒருவன் ராஜா. அவன் சொன்னதை எல்லாரும் செய்ய வேண்டும். நாங்கள் குலுக்கலுக்குப் பதிலாக கச்சாயம் என்கிற வெல்லப் பணியாரம் ஒன்றுக்குள் மொச்சைக்கொட்டையை ஒளித்து வைத்தோம். மார்கழி என்பதால் கறி கிடையாது, அரிசிம்பருப்புச் சாதம்தான். ரோமானியர் மாதிரி ஜமக்காளத்தில் சாய்ந்து படுத்துச் சாப்பிட்டோம். ரசம் வந்ததும் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம்.

கொட்டை என் பல்லில்தான் பட்டது. எனக்குப் பரிமாறியவர் கழகத் தலைவர் குமாரசாமி. தொண்டாமுத்தூரில் அவர் தோட்டத்தில்தான் என் அப்பா அங்கப்பன் பண்ணையத்து ஆளாக இருந்தார். சாப்பிட்டு முடித்ததும், அவர் கை நீளுவதற்குள் என் இலையை நானே சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். ராஜாவே இலை எடுக்கிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் சொன்னதும் அப்பாவின் முகம் வெளுத்துப்போனது.

"எசமாங்களா சோறு போட்டாங்க? நீ உக்காந்துட்டா தின்னே, கண்ணு?"

நான் பதில் சொல்லவில்லை. அப்பா போய்ப் பல வருடமாயிற்று.

நவம்பர் 16

கூட்டம். இந்த வருட விருந்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. சரவணம்பட்டியில் என் வீட்டில் வைக்கலாம் என்றேன். கழகத்து உறுப்பினர் சென்னியம்மாள் டீச்சர் மட்டும் "நான் வாரேனுங்க" என்றார். குமாரசாமி, "பார்க்கலாங்க" என்றார்.

"பார்க்கலாங்க" என்றால் என்ன அர்த்தமென்று இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நவம்பர் 17

முப்பது வருடத்துக்கு மேல் குமாரசாமியும் நானும் ஒரே மேசை. சீசரைக் கொன்றது சரியா தப்பா என்று எத்தனை சண்டை! ஆனால் அவர் என் வீட்டுப் படி ஏறியதில்லை. அவர் வீட்டுக்கு நான் போனால் வாசல் நாற்காலியோடு சரி. அப்படியானால் அந்த அறைக்குள் மட்டும்தானா நாங்கள் சிநேகிதர்கள்? அறையும் போய்விட்டால்?

கேட்காமலே இருந்திருக்கலாம். வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டியாடா, எழில்.

டிசம்பர் 5

அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. வீம்புதான்.

டிசம்பர் 16

பிரவீனா கச்சாயம் சுட்டாள். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாள். எரிந்து விழுந்தேன். பாவம், கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 17

காலையிலேயே கார் வந்து நின்றது. சென்னியம்மாள் டீச்சர் இறங்கினார். பின்னாலேயே ஒரு கைத்தடி. முட்டிவலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார் குமாரசாமி. அப்பாவின் போட்டோவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"நேரமாயிப்போச்சுங்க, எழில்" என்றார். விருந்து மத்தியானம்தான்.

டீச்சர் பிரவீனாவையும் இழுத்து உட்காரவைத்தார். கொட்டை அவளுக்கே வந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், ராணியின் உத்தரவு என்ன என்று குமாரசாமி கேட்டார். அந்தப் பழைய இலைக் கதையை இவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இவரோட எலைய நீங்க எடுக்கோணுமுங்க."

என் கை தானாக இலையைச் சுருட்டப் போனது. அதன்மேல் அவர் கை வந்து நின்றது.

"ராணி உத்தரவுங்க. நீங்க உக்காருங்க."

ஒரு கையில் என் எச்சில் இலை, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பின்வாசல் பக்கம் போனார்.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்துட்டுதான் இருந்தேன், அப்பா.